எட்டு நிமிஷ விசில்

ரைட்டக்கா விசில் ஊதினால் மூன்று தெரு தள்ளி அடுப்பில் இருக்கும் பால் திரிந்துபோகும் என்று சொல்வார்கள். அது பொய். இரண்டு தெருதான். மூன்றாவது தெருவில் பால் திரிந்தது வேறு காரணத்தால். அந்த வீட்டுக்காரி பாத்திரத்தைச் சரியாகக் கழுவுகிறவள் இல்லை.

அவளுடைய உண்மையான பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. இருபத்தாறு வருடமாக நகரப் பேருந்தில் கண்டக்டர்; "ரைட், ரைட்" என்று கத்திக் கத்தி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த அன்று டெப்போ அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். ஆள் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. "கூட்டத்துல நசுங்கிப் போயிடுவேம்மா" என்றார். அன்று சாயங்காலம் அதே அதிகாரி அவளுடைய பஸ்ஸில் ஏறிப் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு நின்றார். "உள்ள போங்க சார், உள்ள இடம் இருக்கு" என்று அவள் ஒரு தள்ளு தள்ளினாள். அவருடைய சட்டைப் பொத்தான் இரண்டை டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். அதன் பிறகு நசுங்குவதைப் பற்றி டெப்போவில் யாரும் பேசவில்லை.

இப்படிப்பட்டவளால் வீட்டில் ஒரு டம்ளரைக்கூட இடம் மாற்றி வைக்க முடியாது. ஏனென்றால் வீட்டில் மேட்ரன் இருந்தாள்.

மேட்ரன் அவளுடைய நாத்தனார். கணவருக்கு மூத்தவள், தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்தொரு வருடம் நர்சாக இருந்து தலைமை நர்சாக ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றது ஆஸ்பத்திரியிலிருந்துதான், வேலையிலிருந்து இல்லை. காலை ஆறு மணிக்கு வீட்டில் எல்லாப் படுக்கைவிரிப்பும் மூலை மடித்துச் செருகியிருக்க வேண்டும். ஆறு ஐந்துக்கு அவள் வந்து விரலால் தடவிப் பார்ப்பாள். கல்யாணத்தன்று புதுப்பெண்ணின் கையைப் பிடித்து நகத்தைத் திருப்பிப் பார்த்து, "ரத்தம் கொஞ்சம் கம்மி" என்றாள். வரவேற்புரை அவ்வளவுதான்.

கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளர். வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவில் வேலை பார்த்ததால், சத்தமாகப் பேசினால் ஏதாவது உடைந்துவிடும் என்ற பயம் அவருக்கு உண்டு. அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் அந்தப் பயம் அவருக்கு நன்றாகவே உதவியது.

ஆக, ரைட்டக்கா சொல்வதை வீட்டில் கேட்பாரில்லை. பஸ்ஸிலும் அப்படித்தான்; எழுபது பேர் ஏறினால் எழுபது பேரும் சட்டம் பேசுவார்கள். ஆனால் வருடத்தில் ஒரே ஒரு நாள், டிசம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, அவள் வாயில் விசிலை வைத்தால் ஊரே வாயை மூடும். மாதர் சங்கம் நடத்தும் கிறிஸ்துமஸ் கரோல் பாட்டு விழா அன்றுதான்.

சங்கம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாற்பது பெண்கள், ஒரு வாடகைக் கூடம், நனைந்து உப்பிய ஒரு பதிவேடு. தலைவி பல் டாக்டர். அவள் வாயைத் திறக்கச் சொல்லித் திறக்காதவர்கள் ஊரில் இல்லை; அதனால் பாடச் சொல்லி மறுத்தவர்களும் இல்லை. சங்கத்தின் பாடற்குழுவில் இருந்த இருபத்துநாலு பேரும் அவளிடம் பல் காட்டியவர்கள். ஒத்திகைக்கு வராதவர்களுக்கு மரத்துப்போகிற ஊசி கொஞ்சம் தாமதமாகத்தான் வேலை செய்யும் என்று ஒரு பேச்சு இருந்தது. டாக்டர் அதை மறுக்கவில்லை.

முதல் வருட விழாவுக்கு விசில் கிடையாது, மணி கிடையாது, ஒரு கட்டுப்பாடும் கிடையாது. அன்பாகக் கூப்பிட்டார்கள், பதினோரு குழுக்கள் வந்தன. நாலாவதாக ஏறிய தபாலாபீஸ் குழு ஐம்பது நிமிடம் பாடியது. மூன்றாவது வரிசையில் இருந்த நிறைமாதக்காரி ஒருத்தி வலி கண்டு எழுந்து போனாள். போய்ப் பிள்ளை பெற்று, பெயரும் வைத்து, திரும்பி வந்து பார்த்தால் தபாலாபீஸ்காரர்கள் இன்னும் பெத்லகேமுக்குப் போய்ச் சேரவில்லை. நாற்காலி அடுக்க வந்திருந்த ரைட்டக்கா அன்று டியூட்டி முடிந்து நேரே வந்தவள். பையில் விசில் இருந்தது. எடுத்து ஊதினாள்.

தபாலாபீஸ் அப்படியே நின்றது. வாசித்துக்கொண்டிருந்தவன் விரல் கீபோர்டிலேயே ஒட்டிக்கொண்டது. பின்வரிசையில் யாரோ ஒருவர் கை தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். கரோல் விழா வரலாற்றில் முதன்முதலாக மனதாரத் தட்டப்பட்ட கைதட்டல் அது.

அடுத்த வருடமே டாக்டர் தன் கைப்பட விதி எழுதினாள். பாட்டுக்கு முன்னால் நாங்கள் பேசியதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, நடுவில் இருமியதை எடுக்கக் கூடாது என்று குழுக்கள் வாதம் செய்ததால் ரொம்ப யோசித்து எழுதினாள்: மேடையில் முதல் காலடி வைப்பதிலிருந்து கடைசிக் காலடி எடுப்பது வரை எட்டு நிமிடம். மீறினால் விசில். விசில் ரைட்டக்காவிடம்.

பதினான்கு வருடம் அவள் ஊதினாள். கல்லூரிக்காரர்கள் பாட்டை வாயிலிருந்து பிடுங்கினாள். கவுன்சிலரின் மனைவி உச்சஸ்தாயிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது பாதி ஏணியில் நிறுத்தினாள். போன வருடம் பாஸ்டரின் முடிவு ஜெபத்துக்கும் ஊதினாள். அவர் உலக நாடுகளை அகரவரிசையில் ஒவ்வொன்றாக ஆசீர்வதித்துக்கொண்டு வந்தார். எட்டு நிமிடம் ஆனபோது பாதி உலகம் ஆசி பெறாமல் வரிசையில் நின்றது. விசில் சத்தம் கேட்டதும் பாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார், சிரித்தார், "மத்த நாடுகளுக்கும், ஆமென்" என்று முடித்தார். பாஸ்டர் சிரித்துவிட்டார். பல் டாக்டர் சிரிக்கவில்லை; தன் விழாவில் பாஸ்டரையே நிறுத்தியதை மறக்கவும் இல்லை.

இந்த வருடம் அக்டோபர் கூட்டத்தில் குழுக்களின் பட்டியலை வாசித்தார்கள். சங்கத்தின் செயலாளர் ஒரு தையல்காரம்மா; வாயில் குண்டூசி வைத்துக்கொண்டே வாசிக்கிற பழக்கம். பதினான்கு பெயர். பதின்மூன்றாவது பெயர், ஓய்வு பெற்ற நர்சுகள் குழு. தலைமை, மேட்ரன். பதினான்காவது எப்போதும்போல சங்கத்தின் சொந்தக் குழு.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "அப்போ உன் நாத்தனாரும் பாடறாங்க."

"பாடட்டுமே" என்றாள் ரைட்டக்கா. அவளுக்கே அது செய்திதான். வீட்டில் யாரும் சொல்லவில்லை.

"எட்டு நிமிஷம் தாண்டினா அவங்களுக்கும் ஊதுவியா?"

"பாஸ்டருக்கே ஊதினவ நான்."

"பாஸ்டர் உன் வீட்டுல இல்ல. காலையில எழுந்தா நீ அவர் மூஞ்சியில முழிக்க வேண்டாம். அதனாலதான் கேக்கறேன்."

நாற்பது பெண்களும் அவளையே பார்த்தார்கள். ரைட்டக்காவுக்குச் சூடு ஏறியது. "ஒரு செகண்ட் விட்டுக் கொடுத்தேன்னா விசில இந்த மேசையிலயே வெச்சுட்டுப் போயிடறேன். போதுமா?"

"எழுதிக்கோங்க" என்றாள் டாக்டர். தையல்காரம்மா குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து, "எழுதியாச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அண்ணி, நீங்க கரோல்ல பாடறீங்களாமே?"

"பாடறோம்." மேட்ரன் மருந்து டப்பாவில் வாரத்துக்கான மாத்திரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீ பஸ் எந்த ரூட்ல போகுதுன்னு எங்கிட்டச் சொல்றியா?"

கணவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயரமாகப் பிடித்துக்கொண்டார்.

ஒத்திகை அவர்கள் வீட்டு முன்னறையிலேயே நடந்தது. பன்னிரண்டு நர்சுகள். மொத்த வயது எண்ணூற்றைம்பதுக்குக் குறையாது. அதில் எட்டுப் பேருக்குக் காதில் கருவி. மேட்ரனுக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது, அது மற்றவர்கள் சொல்வதைக் கேட்காத காது என்று தம்பி ஒருமுறை முணுமுணுத்தார். சோபாவில் ஐந்து பேர், நாற்காலியில் நாலு பேர், மீதிப் பேர் சுவரோரப் பெஞ்சில். பாடினார்கள். ரைட்டக்கா சமையலறைக் கதவுக்குப் பின்னால் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாட்டு ஒன்றும் மோசமில்லை. குரல்கள் பழசாகியிருந்தாலும் ஒரே மாதிரி பழசாகியிருந்தன. ஏழு சரணம். ஆனால் ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். சும்மா நிறுத்தவில்லை, ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக சத்தம் காட்டாமல் இருந்துவிட்டு, யாரும் கை காட்டாமலேயே பன்னிரண்டு பேரும் ஒன்றாக அடுத்த சரணத்தை எடுத்தார்கள். பாவம், மூச்சு வாங்குகிறது என்று நினைத்தாள்.

"அண்ணி, பதினோரு நிமிஷம் இருபது செகண்ட்."

"நல்லாயிருந்துச்சா?"

"நல்லாயிருந்துச்சு. ஆனா மேடையில எட்டு நிமிஷம்தான்."

"எட்டு நிமிஷத்துல என்னம்மா பண்ண முடியும்? ஒரு கட்டு மாத்தலாம்."

"நடுநடுவுல நிறுத்தாம பாடினா சரியாப் போயிடும்."

"எங்க நிறுத்தினோம்?" மேட்ரன் திரும்பிப் பார்த்தாள். "எங்கயாவது நிறுத்தினோமாடி?"

"இல்லையே" என்றார்கள் பதினொரு பேரும்.

ரைட்டக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகம் ஒன்றுகூட இல்லை. பாஸ் இல்லாமலே "பாஸ்" என்று சொல்கிற முகங்களை இருபத்தாறு வருடமாகப் பார்த்தவள் அவள். சரி, வேறு வழியாக வந்தாள். "அப்போ ரெண்டு சரணத்தை விட்டுடுங்களேன்."

பன்னிரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். ஊசி போடுவதற்கு முன்னால் இடம் தேடுகிற பார்வை.

"எந்த வார்டை விடச் சொல்றே?" என்றாள் மேட்ரன்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் வருடா வருடம் கிறிஸ்துமஸ் அன்று டியூட்டியில் இருக்கும் நர்சுகள் வார்டு வார்டாகப் போய்ப் பாடுவார்கள். ஏழு வார்டு, ஏழு சரணம். முதல் சரணம் ஆண்கள் அறுவை சிகிச்சைக்கு, இரண்டாவது பெண்களுக்கு, மூன்றாவது குழந்தைகளுக்கு, நாலாவது பிரசவத்துக்கு, ஐந்தாவது எலும்பு முறிவு, ஆறாவது தீக்காயம். ஏழாவது வார்டுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அங்கே போனவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குத் திரும்பியதில்லை.

"குழந்தைகளை விட்டுடலாமா?" என்றாள் சோபாவில் இருந்த ஒருத்தி, நிஜமாகவே யோசனை கேட்பதுபோல.

"ஏழை விட்டுடலாமா?" என்றாள் இன்னொருத்தி.

ரைட்டக்கா சமையலறைக்குள் போனாள். கோபம் வந்தால் அவள் பாத்திரம் தேய்ப்பாள். அன்று தேய்த்த தேய்ப்பில் ஒரு தட்டில் பூப்போட்டிருந்தது காணாமல் போய்விட்டது.

கடைசியாக ஒன்று சோதித்துப் பார்க்கலாம் என்று, அடுத்த ஒத்திகையில் ஐந்தாவது சரணத்தின் நடுவில் கதவுக்குப் பின்னாலிருந்து விசிலை ஊதினாள். பன்னிரண்டு பேரில் மூன்று பேர் திரும்பினார்கள். ஒருத்தி, "குக்கரை இறக்கும்மா" என்றாள். பாட்டு நிற்கவில்லை.

அன்றுதான் ரைட்டக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஊதாவிட்டால் விசில் போய்விடும். ஊதினால், ஊர் நடுவில் நிற்க வைத்து ஏழாவது வார்டுக்குப் போகவிடாமல் பாட்டை வெட்டிய பாவம் சேரும். அதோடு மேட்ரனோடு ஒரே கூரையின் கீழ் மிச்ச காலம். அதைவிட மோசம், ஊதியும் அவர்கள் நிற்காவிட்டால்? யாரும் மதிக்காத விசில் ஒரு தடவை ஊதப்பட்டால் போதும், மறுநாளிலிருந்து அது குழந்தை விளையாடுகிற சாமான்.

கணவரிடம் கேட்டாள். அவர் வெகுநேரம் யோசித்து, "நீ சொல்றதும் சரி, அக்கா சொல்றதும் சரி" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக இரண்டு பெண்களும் அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை. அவருக்கு அது நல்ல ஓய்வு.

விழா அன்று மூன்று மணிக்கே கூடம் நிரம்பிவிட்டது. முந்நூறு நாற்காலி, அதற்கு மேல் நிற்பவர்கள். மேடைக்கு மூன்று படி. அந்தப் படிக்குப் பக்கத்தில்தான் ரைட்டக்காவின் இடம். கழுத்தில் விசில், கையில் கடிகாரம். இந்த வருடம் பக்கத்தில் தையல்காரம்மாவும் இன்னொரு கடிகாரத்தோடு நின்றாள்.

"டாக்டர் நிக்கச் சொன்னாங்க. எம்மேல கோபப்படாதே" என்றாள்.

"உம்மேல என்ன கோபம்? ஊசிய மட்டும் வாயிலேர்ந்து எடுத்துடு. நான் ஊதற ஊதல்ல முழுங்கிடப்போறே."

பன்னிரண்டு குழுக்கள் ஏறி இறங்கின. வங்கிக்காரர்களுக்கு ஒரு விசில். நீச்சல் பழகும் பெண்கள் ஆறே நிமிடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு முடித்துவிட்டார்கள். தபாலாபீஸ் பழைய அடியை மறக்கவில்லை. ஏழு நிமிடம் ஐம்பதில் ஓடியே இறங்கியது. டாக்டர் தன் இருபத்துநாலு பேரையும் ஜிகினா சால்வை போர்த்த மேடைக்குப் பின்னறைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். போகும்போது ரைட்டக்காவைப் பார்த்து ஒரு புன்னகை செய்தாள். எல்லாப் பல்லும் தெரிந்தது.

நர்சுகள் ஏறினார்கள். வெள்ளைச் சேலை, வெள்ளைச் செருப்பு, கக்கத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஏதோ நோட்டை இடுக்கியிருப்பதுபோன்ற நிற்பு. முதல் காலடியிலிருந்து கடைசி ஆள் வந்து நிற்பதற்குள்ளேயே நாற்பது வினாடி போய்விட்டது.

முதல் சரணம். நிறுத்தினார்கள். முடிந்துவிட்டது என்று கூடம் கை தட்டியது. மேட்ரன் ஒரு பார்வை பார்த்தாள். நோயாளி தூங்குகிற இடத்தில் சத்தம் போட்ட பார்வையாளர்களைப் பார்க்கிற பார்வை. கைதட்டல் பாதியில் செத்தது. இரண்டாவது சரணம். நிறுத்தினார்கள். தெரியாமல் ஒருவர் தட்டிவிட்டுத் தன் கையைத் தானே மடியில் போட்டு அமுக்கிக்கொண்டார். மூன்றாவது சரணத்துக்குப் பிறகு கூடத்தில் இருமக்கூட யாருக்கும் துணிச்சல் இல்லை.

வீட்டில் அவர்கள் உட்கார்ந்து பாடியதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டவள் ரைட்டக்கா. நின்று பாடுவதை இப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறாள். நாலாவது சரணம் முடிந்தது. அமைதி. ஆறு நிமிடம் நாற்பத்தைந்து. அவள் கண் அவர்களுடைய முகத்தை விட்டுக் காலுக்குப் போனது. கண்டக்டருக்குக் கால்தான் பேசும். யார் அடுத்த நிறுத்தத்தில் இறங்குவார், யார் தூங்குகிறார் எல்லாம் காலில் தெரியும். இருபத்துநாலு வெள்ளைச் செருப்பும் இருந்த இடத்திலேயே இம்மியளவு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இடது, வலது, இடது, வலது. மேட்ரனின் வலது கை லேசாக முன்னால் நீண்டு, இல்லாத ஒரு கதவைத் தள்ளத் தயாராக நின்றது.

நடந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு வார்டிலிருந்து அடுத்த வார்டுக்கு, அந்த ஆஸ்பத்திரியின் நீண்ட நடையில், முப்பத்தொரு வருடமாக நடந்த அதே தூரத்தை மேடையில் நின்றபடியே நடந்துகொண்டிருக்கிறார்கள். நிறுத்தவே இல்லை என்று அவர்கள் சொன்னது சத்தியம். ஆறு நிமிடப் பாட்டு. மீதி எல்லாம் நடை.

தையல்காரம்மா கடிகாரத்தைக் காட்டினாள். ஏழு நிமிடம்.

ரைட்டக்கா மூன்று படியையும் ஒரே தாவலில் ஏறினாள். மேட்ரனின் இடது காதருகே போய், "அண்ணி, அடுத்த வார்டு கீழ இருக்கு. வாங்க" என்றாள்.

மேட்ரன் திரும்பிப் பார்த்தாள். "எங்கே?"

"எலும்பு முறிவு. வலது பக்கம் படி. பாத்து இறங்குங்க, மூணு படி." பிறகு மற்றவர்களிடம், டெப்போவே அறிந்த குரலில், "இறங்கறவங்க இறங்குங்க! படியில நிக்காதீங்க! அக்கா, கையப் பிடிங்க. முன்னாடி போங்க, முன்னாடி போங்க, முன்னாடி இடம் இருக்கு!"

மேட்ரன் கையால் காற்றைத் தள்ளித் திறந்துகொண்டு இறங்கினாள். மேட்ரன் போனால் பின்னால் போவதைத் தவிர வேறெதுவும் தெரியாதவர்கள் மற்றப் பதினொரு பேர். ஐந்தாமவளுக்கு முட்டி மடங்காது. அவளை ரைட்டக்கா பக்கவாட்டில் திருப்பி, பீரோவை இறக்குவதுபோல இறக்கினாள். பத்தாமவள் நடுப்படியில் நின்று, "என் கைப்பை?" என்றாள். "பை வரும், நீங்க போங்க." கடைசிச் செருப்பு மேடையை விட்டபோது தையல்காரம்மாவின் கடிகாரத்தில் ஏழு நிமிடம் ஐம்பத்தாறு.

ரைட்டக்கா கூட்டத்தைப் பார்த்து இரண்டு விசில் ஊதினாள். வழி விடு என்று அர்த்தம். வழி விட்டார்கள்.

ஐந்தாவது சரணத்தைக் கூடத்தின் நடுவில் பாடினார்கள். மாவுக்கட்டுப் போட்ட காலோடு ஒரு பையன் அங்கே உட்கார்ந்திருந்தது வெறும் தற்செயல். பின்னாளில் ஊர் அதை அற்புதம் என்று சொல்லிக்கொண்டது, கால் மறுநாளே சேர்ந்துவிட்டதாகவும் சிலர் சொன்னார்கள். ஆறாவதை வாசலில். மேட்ரன் அங்கேயும் நிற்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு இப்போது இடைவெளியே தெரியவில்லை. நடக்கிறார்கள், பாடுகிறார்கள், நடக்கிறார்கள். முதலில் குழந்தைகள் பின்னால் போனார்கள், குழந்தைகளைப் பிடிக்கத் தாய்மார்கள், தாய்மார்கள் எங்கே போகிறார்கள் என்று பார்க்க ஆண்கள். பாஸ்டரும் போனார்.

ஏழாவது சரணம் தெருமுனை பஸ் நிறுத்தத்தில். அங்கே எட்டுப் பேர் வெகுநேரமாக வராத பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள், ஆளுக்கொரு மூட்டையும் வெறுத்துப்போன முகமுமாக. மேட்ரன் அவர்களை நேராகப் பார்த்துப் பாடினாள். பாதிப் பாட்டில் பஸ் வந்தது. டிரைவர் ரைட்டக்காவோடு வேலை பார்க்கிறவன். இன்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, இன்னிக்கு லீவுன்னு சொன்னே?"

"லீவுதான். வாய மூடிட்டு இரு, இன்னும் நாலு வரி இருக்கு."

ஏற வேண்டியவர்கள் ஏறவில்லை, இறங்க வேண்டியவர்கள் இறங்கவில்லை. பாட்டு முடிந்தது. இந்தத் தடவை கை தட்டலாமா என்று எல்லோரும் மேட்ரனைப் பார்த்தார்கள். அவள் தலையசைத்தாள். தட்டினார்கள்.

கூடத்தில் அதே நேரம், ஜிகினா சால்வை போர்த்திய இருபத்துநாலு பெண்களும் தலைவியும் மேடைக்கு வந்து கணீரென்று முதல் அடியை எடுத்து, முந்நூறு நாற்காலிகளுக்குப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் இருந்த ஒரே உயிர் ரைட்டக்காவின் கணவர். கூட்டத்தில் யாரையும் இடிக்காமல் வெளியே போக வழி பார்த்து நின்றவர், கூட்டம் போன பிறகும் அங்கேயே நின்றுவிட்டார்.

கூட்டம் திரும்பி வந்தபோது டாக்டர் மேடை விளிம்பில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எட்டு நிமிஷம் எப்பவோ தாண்டியாச்சு! எழுதிக் கொடுத்திருக்கே நீ. விசில வை மேசையில!"

தையல்காரம்மாதான் சட்டென்று பதிவேட்டைப் பிரித்து, டாக்டரின் கையெழுத்திலேயே இருந்த விதியை வாசித்தாள். மேடையில் முதல் காலடி முதல் கடைசிக் காலடி வரை. "ஏழு அம்பத்தாறு, டாக்டர். எங்கிட்டயும் கடிகாரம் இருந்துச்சு. நீங்க கொடுத்ததுதான்."

"தெருவுல பாடினது?"

"தெரு நம்ம சங்கத்துது இல்லையே."

பாஸ்டர் இருமினார், சிரிப்பை மாற்றி இருமினார் என்பது தெரிந்துவிட்டது. கூட்டம் உட்கார்ந்தாகிவிட்டது, வேறு வழி இல்லை. டாக்டர் சொந்தக் குழுவை மறுபடி முதலிலிருந்து நிறுத்தினாள். அவமானம் பட்டவள் நன்றாகப் பாடுவாள் என்பார்கள். அவள் உண்மையிலேயே நன்றாகப் பாடினாள். ஒரு பாட்டு முடிந்து கை தட்டினார்கள். இரண்டாவது பாட்டுக்கு இன்னும் தட்டினார்கள். முகம் மலர்ந்து, திட்டத்தில் இல்லாத மூன்றாவது பாட்டை எடுத்தாள். அதன் கடைசி அடியில் கைகளை விரித்து, வாயை அவள் நோயாளிகளே திறக்காத அளவுக்குத் திறந்து, மேலே மேலே போய்க்கொண்டிருந்தாள்.

தையல்காரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். ரைட்டக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம்டி. இத்தோட விட்டுடு. ஜெயிச்சாச்சில்ல?"

"எட்டு" என்றாள் ரைட்டக்கா. ஊதினாள்.

அன்று இரண்டு தெருவில் பால் திரிந்தது.

ஜனவரி கூட்டத்தில் முதல் தீர்மானமே டாக்டருடையது. "அடுத்த வருஷத்துலேர்ந்து நேரம் பாக்கற பொறுப்பு வேற ஒருத்தருக்கு. விருப்பம் இருக்கறவங்க கை தூக்கலாம்."

நாற்பது பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மேல்கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று ஆராய்ந்தாள். ஒருத்தி மூக்கு அரித்தும் கையைத் தூக்காமல் பொறுத்துக்கொண்டாள், எங்கே எழுதிவிடுவார்களோ என்று. பதினான்கு குழுக்களின் பகையையும் பாஸ்டரின் பாதி உலகத்தையும் கழுத்தில் மாட்டிக்கொள்ள யாருக்கு ஆசை? டாக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தன் நோயாளிகளின் பெயரைச் சொல்லியே கேட்டாள். வாயைத் திறக்கச் சொல்லி முதல் தடவையாக ஒருத்தியும் திறக்கவில்லை.

"யாருமே இல்லையா?"

ஒட்டடை பார்த்தவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பெருமூச்சு விட்டாள். ரைட்டக்காவின் பக்கம் திரும்பாமலே, சுவரைப் பார்த்து, "அப்போ பழையபடியே இருக்கட்டும்" என்றாள்.

"இருக்கலாம்" என்றாள் ரைட்டக்கா. "ஆனா எனக்கு ஒரு நாற்காலி போடணும். பதினஞ்சு வருஷமா நின்னுக்கிட்டே இருக்கேன்."

"எழுதிக்கோங்க" என்றாள் டாக்டர்.

அன்று சாயங்காலம் வீட்டில் மேட்ரன் மாத்திரை டப்பாவை மூடிவிட்டு, அபூர்வமாக, தானே பேச்சை எடுத்தாள். "நாற்காலி கேட்டியாமே. கை வெச்சதா, கை இல்லாததா?"

"சொல்லலை அண்ணி."

"கை வெச்சதாக் கேளு. இந்த வயசுல முதுகு போச்சுன்னா நான்தான் பாக்கணும்." டப்பாவை அலமாரியில் வைத்தாள். "அடுத்த வருஷம் நாங்க ஒம்பது சரணம் பாடப்போறோம். வெளிநோயாளிப் பிரிவையும் மருந்துக் கடையையும் விட்டுட்டோம்னு அன்னிக்கே எல்லாரும் சொன்னாளுங்க."

ரைட்டக்கா அடுப்படிக்குப் போய், மேட்ரன் மூலையில் வைத்திருந்த டம்ளரை எடுத்து, தன் கைக்கு எட்டும் இடத்தில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். மேட்ரன் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதை மறுபடி மூலையில் வைக்க எழுந்திருக்கவில்லை. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்த கணவர் மட்டும், ஏதோ உடையப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் காத்திருந்தார்.